முழங்காலுக்குக் கீழே ஒரு கறுப்பு வலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன்வலையை மையில் தோய்த்துத் தோலில் ஒற்றி எடுத்தது போல ஒரு கறுப்பு. அரிப்பு இருக்காது, செதில் உதிராது, பெரும்பாலும் வலியும் இராது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, இடுப்பில், அடிவயிற்றில், இப்போது இளைஞர்களின் தொடையில் என்று பல இடங்களில் இது வருகிறது. படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு தடவுகிறவர்கள் உண்டு. 'உடம்புச் சூடு' என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பவர்களும், 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்று பேதிக்கு மருந்து தேடுபவர்களும் உண்டு. உள்ளேயிருந்து கிளம்பிய சூடு அல்ல இது. வெளியிலிருந்து, கொப்புளம் போடாத அளவில், நாள் தவறாமல் பட்ட சூடு.

மருத்துவத்தில் இதன் பெயர் எரித்தீமா ஆப் இக்னே. 'நெருப்பால் வந்த சிவப்பு' என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள். நம் நிறத்தில் அந்தச் சிவப்புக் கட்டம் கண்ணுக்குப் படாமலே கடந்துவிடும். பழுப்பும் கறுப்புமாக ஆன பிறகுதான் 'இது என்ன?' என்று கேட்கத் தோன்றும்.

தோலின் மேற்பரப்பு சாதாரணமாக 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 43 முதல் 47 டிகிரி வரையிலான சூடு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் இந்த வலை விழுகிறது. 60 டிகிரி வெந்நீர் ஐந்து நொடியில் தோலைப் பொசுக்கிவிடும், அதனால் யாரும் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. 44 டிகிரி அப்படியில்லை, தீப்புண் ஆக ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இதமாகவே இருக்கும், தூக்கம்கூட வரும். 'சுடவே இல்லையே' என்கிற அந்த நிம்மதிதான் ஆபத்து. தோலின் நடு அடுக்கில் சிறு ரத்தக் குழாய்கள் வலைப் பின்னலாக ஓடுகின்றன. சூட்டில் அவை விரிந்து, ரத்தச் சிவப்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகின்றன. அவற்றின் இரும்புச் சத்தும் தோலின் கருநிறமியும் குழாய்களின் ஓரமாகவே படிகின்றன. கறை வலை வடிவில் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

பாடநூல்களில் இது குளிர் நாட்டு நோய். நிலக்கரிக் கணப்பின் முன் கால் நீட்டி உட்கார்ந்த இங்கிலாந்துப் பெண்களின் கால்களைப் பற்றியும், அங்கிக்குள் காங்கிரி என்னும் தணல் சட்டியை வயிற்றோடும் தொடையோடும் அணைத்துக்கொள்ளும் காஷ்மீரிகளைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். மார்கழி விடியலில் போர்வையை இழுத்துப் போர்த்தினால் அடங்கிவிடும் குளிர்தான் நம் டெல்டாவின் குளிர். குளிருக்காக நாம் நெருப்பிடம் போவதில்லை. வேலைக்காகவும் வலிக்காகவும் போகிறோம். அதனால்தான் இங்கே இதைத் தேடுவோரும் குறைவு, கண்டுபிடிப்போரும் குறைவு.

முதலில் அடுப்படி. எரிவாயு வந்த வீடுகளிலும் குளிக்க வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், மாட்டுக்குத் தவிட்டுக் கஞ்சி காய்ச்சவும் கொல்லைப்புறத்தில் ஒரு விறகடுப்பு இருக்கிறது. தென்னை மட்டை, பன்னாடை, சீமைக்கருவேலம், வறட்டி, சில வீடுகளில் உமி அடுப்பு. குந்தி உட்கார்ந்தோ மணைக்கட்டையில் அமர்ந்தோ எரிக்கும்போது அடுப்பின் வாய்க்கு நேரே இருப்பது முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி. கறுப்பு இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்காது. எந்தக் கால் அடுப்பு வாயை ஒட்டி இருந்ததோ அதில்தான் கூடுதல். புடவைக் கொசுவம் மறைத்த இடத்தில் தோல் பளிச்சென்றிருக்கும். சூடு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சுற்றியுள்ள காற்று சூடாவதால் வரும் கோளாறு இல்லை இது. தணலிலிருந்து நேர்கோட்டில் பாயும் அகச்சிவப்புக் கதிர் செய்கிற வேலை. ஆகவே விசிறிக்கொண்டால் உடம்புக்குச் சுகம், தோலுக்குப் பெரிய பயன் இல்லை. தள்ளி உட்கார்ந்தால் பலன் உண்டு. அரை முழத்திலிருந்து ஒரு முழத்துக்கு நகர்ந்தால் காலில் படும் கனல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகும். அடுப்பு வாய் அகலமானால் மூன்றில் ஒன்றாவது ஆகும். தள்ளி உட்கார்ந்தால் எப்படி ஊதுவது என்பார்கள். ஊதாங்குழலை நீளமாக்குங்கள். ஒரு முழக் குழல் வைத்திருக்கும் வீட்டில் இரண்டு முழக் குழல் வந்தால் முகமும் காலும் ஒருங்கே பின்னுக்குப் போகும். முழு மட்டையை வைத்துத் தள்ளித் தள்ளி எரித்தால் சுவாலை அடுப்பு வாய்க்கு வெளியே வந்து நிற்கும். ஒன்றரைச் சாண் துண்டாக நறுக்கி உள்ளே தள்ளினால் நெருப்பு பாத்திரத்தின் அடியில் நிற்கும், விறகும் மிச்சம். சாம்பல் நிறைந்த அடுப்பிலும் தணல் வாய்ப்பக்கம்தான் சரியும், தினமும் வாரிவிட வேண்டும். காலி எண்ணெய் டின் ஒன்றை வெட்டி விரித்து, பளபளப்பான பக்கம் நெருப்பைப் பார்க்கும்படி கால் பக்கமாக நிறுத்தினால் கனலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். தகடு காலைத் தொடக் கூடாது, நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும். வெட்டிய ஓரத்தை மடித்துத் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் தழும்புக்குப் பதில் தையல் போட வேண்டியிருக்கும். நைலான், பாலியெஸ்டர் நைட்டி அடுப்படிக்கு ஆகாது. தீப்பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியே நல்லது.

தொழில் இடங்களில் கணக்கு இன்னும் கடுமை. தைப் பொங்கலுக்கு அச்சு வெல்லம் காய்ச்சும் பாபநாசம் வட்டத்தில், வீரமாங்குடி போன்ற ஊர்களில், கொப்பரையைக் கிண்டுகிறவரை நாம் கவனிக்கிறோம். கரும்புச் சக்கையை அடுப்பு வாயில் திணித்துக்கொண்டே இருப்பவரைக் கவனிப்பதில்லை. தோலுக்கு அதிகச் சேதம் அவருக்குத்தான். சுவாமிமலைப் பட்டறைகளில் மெழுகுக் கருவை உருக்கி வெளியேற்றும் நெருப்பும், மூசை என்னும் உருக்குக் கலத்தில் உலோகம் காயும் உலையும் பக்கத்தில் பக்கத்தில். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்போருக்கும் இதே நிலை. பரோட்டாக் கல்லின் முன் நிற்பவருக்கு முன்கையும் அடிவயிறும், டீக்கடை பாய்லரை ஒட்டி நிற்பவருக்கு ஒரு பக்கத்துத் தொடையும், ரொட்டி அடுப்பில் தட்டு விடுபவருக்குக் கை மணிக்கட்டு வரையும் சூடு படும். உலைமுன் வருடக்கணக்கில் இருப்பவருக்குக் கண்ணிலும் புரை முந்தி வரும். கண்ணாடி ஊதுவோரிடமும் இரும்பு உருக்குவோரிடமும் வெகுகாலமாக அறியப்பட்ட விஷயம் அது, அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி அவர்களுக்கு வேண்டும். முன்பக்கம் என்ஜின் வைத்த பழைய பேருந்து, லாரி ஓட்டுநர்களின் இடது காலையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடை அடுப்புக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. அடுப்பு மேடையின் ஆள் நிற்கும் பக்கத்தில் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு இன்னொரு தகட்டைத் தொங்கவிடுவது. நடுவில் காற்று மேலேறிப் போகும்படி அடியும் தலையும் திறந்திருக்க வேண்டும். தகட்டை அடுப்போடு ஒட்டி ஆணி அடித்தால் அதுவும் அடுப்பாகிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் அட்டையை வெட்டி வைக்க வேண்டாம், அதன் தூள் நுரையீரலுக்கு விஷம். ஆட்களை இரண்டு மணிக்கொருமுறை இடம் மாற்றினால் இன்னும் நல்லது. சம்பளச் செலவு ஒன்றும் கூடிவிடாது, முதலாளிகள் யோசிக்கலாம்.

இனி ஒத்தடம். இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒத்தடம் தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. தசைப்பிடிப்புக்கும் மாதவிடாய் வலிக்கும் அது நல்ல மருந்து. அளவு தவறுவதுதான் கெடுதல். பதினைந்து, இருபது நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை, நடுவில் தோல் ஆறும்வரை ஓய்வு. இதற்கு மேல் போகக் கூடாது. பையை அடியில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது.

தண்ணீரின் சூட்டைப் பலர் கண்ணளவில் கலக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால் கணக்கு இதுதான். கொதிநீர் ஒரு செம்பு, பச்சைத் தண்ணீர் ஒரு செம்பு சேர்த்தால் 64 டிகிரி. சில நொடியில் கொப்புளம் போடும். ஒன்றுக்கு இரண்டு என்றால் 52, ஒன்றுக்கு மூன்று என்றால் 46, ஒன்றுக்கு ஐந்து என்றால் 40, ஒன்றுக்கு ஏழு என்றால் 37. வெந்நீர்ப் பைக்கு ஒன்றுக்கு இரண்டு போதும், மேலே கனமான துண்டைச் சுற்றியாக வேண்டும். எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு கொதிநீரைச் சேர்த்துக் கலக்க வேண்டும்.

ரப்பர் பையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடுமுன் பையை மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். காற்று இருந்தால் மேலே சாய்ந்து படுக்கும்போது மூடி பிதுங்கும். மூடிக்குள் இருக்கும் வாஷர் காய்ந்து வெடித்திருக்கிறதா, பையின் கழுத்தை மடக்கினால் கீறல் தெரிகிறதா என்று பார்த்து, கவிழ்த்துச் சொட்டு வருகிறதா என்று சோதித்த பிறகே உடம்பில் வைக்கலாம். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு பை வேண்டாம். மின்சாரத்தில் சூடேற்றும் ஜெல் பையைச் செருகியபடியே மடியில் வைத்துக்கொள்வது கூடவே கூடாது. உப்பிய பையைக் குப்பையில் போடுங்கள். வெந்நீர் கொட்டிவிட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுவதுதான் முதலுதவி. பற்பசை, மை, ஐஸ் எதுவும் வேண்டாம்.

தவிடும் கல்லுப்பும் வறுத்துத் துணியில் முடிந்து வைக்கும் ஒத்தடத்தில் வேறு சிக்கல். தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியோடு நிற்கும், உப்பு அப்படி நிற்காது. தோசைக்கல்லின் சூடு எவ்வளவோ அவ்வளவுக்கு ஏறும். முடிச்சின் மேற்புறம் ஆறியிருந்தாலும் நடுவில் கனன்றுகொண்டிருக்கும். முடிச்சை உருட்டிவிட்டு, வைக்கிறவர் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்து முப்பது எண்ண வேண்டும். எண்ணி முடிக்க முடிந்தால்தான் அடுத்தவர் உடம்பில் வைக்கலாம். ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், அப்படியே விட்டுவிடக் கூடாது. பெயரே ஒத்தடம்தானே. வலித்தைலம் தடவிய இடத்தில் சூடு வைக்கக் கூடாது, மருந்து அளவுக்கு மீறித் தோலுக்குள் இறங்கிப் புண்ணாகும். அறுவைசிகிச்சையில் பிள்ளை பெற்றவர்களுக்கு வடுவைச் சுற்றி மாதக்கணக்கில் மரத்திருக்கும், அங்கே சூடு தெரியாது. கைக்குழந்தை வயிற்றில் சூட்டுத் துணியே வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கால் 'குளிர்ந்து' கிடப்பது போலத் தோன்றும், உடனே வெந்நீரில் வைப்பார். 46 டிகிரியும் அவருக்கு வெதுவெதுப்புதான். கொப்புளம் விழுந்து, சீழ் பிடித்து, விரலை எடுக்கும் நிலை வரை போவது இப்படித்தான். சித்திரை நண்பகலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நடப்பதும் இதே வகை. காலைக் கழுவ 37 டிகிரிக்கு மேல் தேவையில்லை, அதாவது ஒன்றுக்கு ஏழு. காலால் பதம் பார்க்கக் கூடாது. முழங்கையால் பார்க்க வேண்டும், அல்லது வீட்டிலுள்ள வேறொருவர் பார்க்க வேண்டும். ஊறவைப்பதே தேவையில்லை. கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்தால் போதும்.

இடுப்பிலோ வயிற்றிலோ வலை விழுந்திருந்தால் தோலோடு நிறுத்திவிடக் கூடாது. அவர் பல மாதங்களாக அந்த இடத்தில் வலியைப் பொறுத்துக்கொண்டு, ராத்திரிதோறும் சூடு வைத்திருக்கிறார் என்று பொருள். நாற்று நட்டுக் குனிந்த முதுகாக இருக்கலாம். கருப்பைக் கட்டியாக இருக்கலாம். மேல்வயிற்றில், தொப்புளுக்கும் நெஞ்சுக்குழிக்கும் நடுவே வலை இருந்து, சாப்பிட்டதும் வலி முதுகுக்குப் பாய்ந்து, முன்னால் குனிந்தால் கொஞ்சம் தணிகிறது என்றால் கணையத்தைப் பார்க்க வேண்டும். நாள்பட்ட கணைய அழற்சி, மது தொடாதவர்களுக்குக்கூட இளவயதில் வரும் வகை உட்பட, தென்னிந்தியாவில் நன்கு அறியப்பட்டது. மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதப்பதும் இளவயதிலேயே சர்க்கரை ஏறுவதும் அதன் அடையாளங்கள். கணையப் புற்றும் இந்த இடத்திலேயே வலிக்கும். வலி எங்கும் இல்லை, எப்போதும் குளிருகிறது, அதனால்தான் சூடு வைக்கிறேன் என்பவருக்கு ஹீமோகுளோபினையும் தைராய்டையும் சோதிக்க வேண்டும்.

மடிக்கணினிக்கு ஒரு வார்த்தை. பெயரில்தான் மடி. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகளின் தொடையில், பெரும்பாலும் இடது தொடையில், இந்த வலை வருகிறது. சூட்டுக் காற்று வெளியேறும் துளை பல கணினிகளில் அந்தப் பக்கம் இருப்பதே காரணம். 2004-லேயே மருத்துவ இதழில் பதிவான விஷயம் இது. தலையணையை அடியில் வைத்தால் காற்றுத் துளை அடைத்துச் சூடு இன்னும் ஏறும். ஒரு பலகை போதும், சாப்பிடும் மேசை அதைவிட நல்லது.

மருத்துவம் என்ன? சூட்டை நிறுத்துவதுதான் மருத்துவம். புதிய கறை சில மாதங்களில் மங்கும். வருடக்கணக்கானது முழுதாகப் போகாமலும் இருக்கலாம். மஞ்சளும் கடலைமாவும் பீர்க்கங்கூடும் வைத்துத் தேய்த்தால் கறுப்பு கூடும், குறையாது. எலுமிச்சையும் அப்படித்தான். மருந்துக் கடையில் வாங்கும் 'படர்தாமரை' களிம்புகள் பலவற்றில் குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. ஏற்கெனவே மெலிந்த தோலை அவை இன்னும் மெலியவைக்கும். டிரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன் போன்ற பூச்சு மருந்துகள், லேசர் எல்லாம் உண்டு, ஆனால் தோல் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு. சூடே படாத ஒருவருக்கு வலை தோன்றினால், அதுவும் மூட்டுவலி, அடிக்கடி கருக்கலைவு, ஆறாத கால் புண் இவற்றோடு வந்தால், அது ரத்தம் உறையும் கோளாறாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும்.

இதைப் புற்றுநோய் என்று யாரும் பயப்பட வேண்டாம், மிகப் பெரும்பாலோருக்கு அது வராது. ஆனால் காஷ்மீரில் காங்கிரிச் சூடு பட்ட தோலில் வரும் புற்று 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்களால் எழுதப்பட்டது. சூட்டுக்கும் புற்றுக்கும் நடுவே முப்பது வருடம்கூட ஆகலாம். வலைக்குள் ஒரு மாதமாக ஆறாத புண், மரு போல மேடிட்டுக் கல்லாக இறுகும் இடம், தொட்டால் ரத்தம் கசியும் இடம் ஆகிய மூன்றில் எது வந்தாலும் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு தேடி வந்து ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் உட்காரும் அதே தாழ்வாரத்துக்குப் பின்னால்தான் அந்த விறகடுப்பு இருக்கிறது. புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கிக் காட்டச் சொல்லி, 'எங்க சூடு வைக்கிறீங்கம்மா, எத்தனை நாளா?' என்ற ஒரு கேள்வியை அவர்களின் படிவத்தில் சேர்க்கும்படி சுகாதாரத் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். வெல்லக் கொட்டகைகள் மார்கழியில் அடுப்பு மூட்டுமுன் சக்கை போடுகிறவர் உட்காரும் இடத்தில் ஒரு தகடு நிறுத்தும்படி உரிமையாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம். தண்ணீர் கலக்கும் கணக்கை மட்டும் தனிக் கட்டமாக வெளியிட்டால், வெட்டி அடுப்படிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தோல் சிகிச்சைப் பணியில் உள்ள சிலர்,
கும்பகோணம்.